ஈரக்குடையின் வேலை நேரம்

என் அண்ணி எட்டு மாதம் ஓர் ஆணாக இருந்தார். வயது முப்பத்திரண்டு. ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. படுத்தால் தூக்கம் வராது, யாரோடும் அதிகம் பேச மாட்டான். இணையத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் ஈரக்குடை. இதெல்லாம் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரைதான். அதற்குப் பிறகு அண்ணி வீட்டுக்கு வந்து, துணி துவைக்கிற இயந்திரத்தில் யார் சாக்ஸை உள்வெளியாகப் போட்டது என்று என் அண்ணனோடு மல்லுக்கு நிற்பார்.

அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. ஏழு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியிருந்தேன். இஸ்திரி மேசை இருந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வந்த மறுநாள் காலை பால்கனியில் நின்று காபி குவளையோடு ஒரு படம் எடுத்தேன். பின்னால் வந்து நின்றார் அண்ணி.

"எங்க போடப்போற அதை?"

"சும்மா, ஃப்ரெண்ட்ஸ் பார்க்கத்தான்."

"எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டி தெரியுது. அதுல நம்பர் இருக்கு. வேணாம்."

"அண்ணி, நான் பாலைவனத்துல ஒட்டகக்காரன் வீட்டுலேர்ந்தெல்லாம் படம் போட்டிருக்கேன்!"

"அந்த ஒட்டகத்துக்கு எதிரிங்க கிடையாது. எனக்கு இருக்காங்க."

அண்ணன் பல் துலக்கியபடியே உள்ளிருந்து குரல் கொடுத்தான். "விட்டுடு. நான் பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கே உங்க அண்ணி என் பாஸ்வேர்டைக் கேட்டா. சொன்னேன். தலையில அடிச்சிக்கிட்டு எழுந்து போயிட்டா."

"உங்க பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. தலையில அடிச்சிக்காம என்ன பண்றது?"

அலுவலகத்தில் அண்ணிக்கு 'பூட்டு' என்று பெயர். இப்போது வழக்கு முடிந்து, தீர்ப்பு வந்து, மேலதிகாரிகளின் அனுமதியோடு புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தக் கதையையே பாடமாக நடத்துகிறார். அதனால் நானும் எழுதலாம் என்றாகிவிட்டது. கேட்ட அன்றிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை!

அண்ணி கணினி மேதை ஒன்றும் இல்லை. பதினோரு வருடம் ஒரு காவல் நிலையத்தில் ரைட்டர். வருகிறவர்கள் சொல்லச் சொல்ல புகாரை எழுதிக்கொள்கிற வேலை. சைக்கிள் தொலைந்தது, பக்கத்து வீட்டுக்காரன் திட்டினான், புருஷன் இரண்டு நாளாக வரவில்லை என்று ஆயிரக்கணக்கான கதைகள். அதில் எது பொய் என்று பேனா முனையிலேயே தெரிந்துவிடும் என்பார். உண்மை சொல்கிறவர் பாதியில் நிறுத்திவிடுவார். பொய் சொல்கிறவர் கேட்காததற்கெல்லாம் பதில் வைத்திருப்பார். சட்டை நிறம், பஸ் நம்பர், அன்றைக்கு அடித்த வெயில் வரைக்கும். தட்டச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று இணையக் குற்றப் பிரிவில் கேட்டபோது அண்ணியை அனுப்பினார்கள். தட்டச்சைவிட அந்தக் காதுதான் அங்கே பயன்பட்டது.

இருண்ட வலை என்று ஒன்று இருக்கிறது. சாதாரணத் தேடலில் அகப்படாது. அனுப்புகிறவர் யார், எங்கே என்று தெரியாதபடி ஒவ்வொரு செய்தியும் பல கை மாறிப் போகும். அதற்குள் கடைகள் உண்டு. அதில் ஒரு கடைக்காரனின் பெயர் தேன்கூடு. தூக்க மாத்திரை என்று சொல்லி நீல நிற வில்லைகளை விற்றான். உள்ளே இருந்தது வேறு மருந்து. உப்புக்கல் அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். எங்கள் ஊரில் இரண்டு மாணவிகள் செத்துப்போனார்கள். ஒருத்தி பிளம்பரின் மகள். பரீட்சை வாரம், தூக்கம் வரவில்லை, ஒரே ஒரு மாத்திரை.

அந்தப் பிளம்பர் திங்கள்கிழமை தவறாமல் வேலைக்குப் போகிற வழியில் கருவிப் பையோடு வந்து இணையக் குற்றப் பிரிவின் முன்மேசை எதிரே நிற்பார்.

"புடிச்சாச்சாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"சரி."

அவ்வளவுதான். ஒரு திங்கள்கிழமை, மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த கழிவறைக் குழாயை யாரும் கேட்காமலேயே சரிசெய்துவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. காரணம் இப்போதுதான் தெரியும்.

ஈரக்குடை வாழ்ந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். முன்பு பழுதான மின்விசிறிகளைப் போட்டுவைத்த அறை. ஜன்னல் கிடையாது. வாசலில் தரையோடு ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது. அதைத் தாண்டும் முன் கைபேசி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே சின்னப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். நீல நாடா ஒட்டிய கணினிதான் ஈரக்குடையுடையது. அது போகிற இணைப்பு காவல்துறைப் பெயரில் இல்லை. அதில் அண்ணி தன் சொந்த மின்னஞ்சலைத் திறந்ததில்லை, செய்தி படித்ததில்லை, வானிலைகூடப் பார்த்ததில்லை. மூலையில் இன்னொரு கணினி. மின்சார வயரைத் தவிர அதற்கு எந்த வயரும் கிடையாது, எந்த வலையோடும் பேசாது. அதற்குப் பெயர் மௌனி. வெளியிலிருந்து வருகிற எந்தக் கோப்பையும் மௌனியில் மட்டும்தான் திறக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி. அறைக்குள் தனியாக யாரும் உட்காரக் கூடாது. ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு செய்தியையும் நிமிடக் கணக்கோடு பதிவேட்டில் எழுத வேண்டும். நாளை நீதிமன்றத்தில் 'இவங்களே அவனைத் தூண்டிவிட்டாங்க' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்த காவலருக்குச் 'சாட்சி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எட்டு மாதத்தில் ஈரக்குடை மூன்றே மூன்று முறை, அரசு வழக்கறிஞரின் எழுத்து அனுமதியோடு, மாத்திரை வாங்கினான். மூன்று பொட்டலமும் உறை பிரிக்காமல் ஆய்வகத்துக்குப் போயின. மற்ற நாட்களில் அவன் தூக்கமின்மையைப் பற்றி நாலு வரி புலம்புவான். தேன்கூடு பதில் போடுவான். அவ்வளவுதான் நட்பு.

நான் வந்த இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தேன்கூடு எல்லோருக்குமாக ஓர் அறிவிப்புப் போட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கடைசிச் சரக்கு மொத்தமும் தபாலில் போய்விடும், அத்தோடு கடை மூடல்.

இன்னும் மூன்று நாள்! அதற்குப் பிறகு அவன் வேறு பெயரில் வேறு எங்கோ முளைப்பான். பொட்டலங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த நிமிடம் ஈரக்குடைக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது.

"எட்டு மாசமா உன்னைப் பார்க்கிறேன். ஞாயித்துக்கிழமை ஒரு தடவைகூட வந்ததில்ல. தினமும் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஆளே இருக்க மாட்டே. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல கிடையாது. கவர்மெண்ட் லீவுன்னா உனக்கும் லீவு. உனக்கு யாருப்பா சம்பளம் குடுக்கிறது?"

சாட்சியின் பேனா நின்றுவிட்டது.

அண்ணியின் பாதுகாப்பு விதிகளே அண்ணியைக் காட்டிக்கொடுத்திருந்தன. இரண்டு பேர் இருந்தால்தான் அறை திறக்கும். சாவி வைத்திருக்கிறவர் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சேர்ந்தே வெளியே வருவார்கள். எந்த ஓட்டையையும் விடாத பூட்டு, தன் வேலை நேரத்தை மட்டும் மறைக்க மறந்துபோனார்!

ஆய்வாளர் உள்ளே ஓடிவந்தார்.

"ஏம்மா பூட்டு, வேற எடத்துலயும் ரெண்டாவது வேலை பார்க்கிறேன்னு சொல்லு. சட்டுனு சொல்லு!"

"அக்கா, ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போறேன்னு சொல்லலாம்" என்றார் சாட்சி. "அம்மாவுக்கு முட்டி வலி."

"அப்படியே அம்மாவைப் பார்க்கிற டாக்டர் பேரையும் சொல்லிடலாமா?" என்றார் அண்ணி.

கேட்காததற்குப் பதில் சொன்னால் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரியும். பிறகு இரண்டு வரி அடித்தார்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர். ஞாயிறு ஆபீஸ் பூட்டு."

பச்சை உண்மை! எட்டு மாதத்தில் ஈரக்குடை சொன்ன ஒரே உண்மை.

திரை அப்படியே கிடந்தது. பிறகு செய்திகள் கொட்ட ஆரம்பித்தன.

"டேய்! ஆபீஸ் கம்ப்யூட்டர்லயா? அறிவு இருக்கா உனக்கு?" பதினான்கு வரி திட்டு. எதை எங்கே திறக்க வேண்டும், எதை எப்படி அழிக்க வேண்டும் என்று ஒரே பிரசங்கம். "உன்னால நானும் மாட்டுவேன்டா. இதைத் திறந்து படி." கூடவே ஒரு கோப்பு.

"அப்பாடா, நம்பிட்டான்!" என்றார் ஆய்வாளர். "திறம்மா, காத்துக்கிட்டிருக்கான்."

"மௌனியில திறக்கிறேன் சார்."

"அதுக்கு நாப்பது நிமிஷம் ஆகும்!"

"ஆகட்டும் சார். அவன் நம்பினானா, சோதிக்கிறானான்னு அப்பதான் தெரியும்."

அந்தக் கோப்பை ஒரு குறுவட்டில் எழுதி, எண் போட்டு, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்டு, மௌனியிடம் கொண்டுபோனார்கள். திறந்த உடனே அந்தக் கோப்பு வெளியே யாரையோ கூப்பிட முயன்றது. தான் எந்த இடத்தில் திறக்கப்படுகிறேன் என்று எஜமானுக்குச் சொல்லப் பார்த்தது. மௌனிக்குத்தான் வாயே கிடையாதே! ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஈரக்குடை பதில் போட்டான். "திறக்க விடல. ஐ.டி. காரன் எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கான்."

"உன் ஐ.டி. காரனுக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்ல" என்றான் தேன்கூடு. தப்பித்தாகிவிட்டது.

ஆனால் அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லை. சாட்சியின் பக்கம் திரும்பினார்.

"அவன் என் நேரத்தை எண்ணியிருக்கான். நாம அவன் நேரத்தை எண்ணினோமா?"

எட்டு மாதப் பதிவேடு அவர்களிடம் இருந்தது, நிமிடக் கணக்கோடு! செவ்வாய் பிற்பகலும் புதன் முழுவதும் சுவரில் வரைபடத் தாள்களை ஒட்டி, கடைப் பக்கத்திலும் ஈரக்குடையிடமும் தேன்கூடு பேசிய நேரங்களுக்குப் பச்சைப் பென்சிலால் புள்ளி வைத்தார்கள். தாள் முழுக்கப் பச்சை தெளித்தது. அவர்களுடைய சாப்பாட்டு மணியை விட்டுவிட்டால், நடுவில் மட்டும் வாய்க்கால் வெட்டியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. திங்கள் முதல் வெள்ளி வரை, இரண்டு ஐம்பதிலிருந்து மூன்று நாற்பது வரை ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்து வாரங்களில் மட்டும் அந்தக் கோடு மறைந்து பச்சையாகியிருந்தது.

"அஞ்சு வாரமும் பள்ளிக்கூட லீவுக்கா" என்றார் சாட்சி. அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

தேன்கூடு தினமும் ஒரு பிள்ளையைக் கூட்டிவரப் போகிறான்!

மற்றதெல்லாம் ஓட்டமாக நடந்தது. வாங்கிய மூன்று பொட்டலங்களும் ஒரே பஸ் தடத்தில் இருந்த தபால் பெட்டிகளில் போடப்பட்டவை. அந்தத் தடத்தில், அந்த இடைவெளிக்குள், மூன்று பத்துக்கு விடுகிற பள்ளி ஒன்றுதான். பொட்டலங்களின் முகவரிச் சீட்டுகளில், அச்சு இயந்திரத்தின் குறையால், ஓரத்தில் மயிரிழைபோல ஒரு சாம்பல் கோடு. பள்ளியைச் சுற்றி இரண்டு அச்சுக் கடைகள். வியாழக்கிழமை காலை மாற்று உடையில் போன காவலர் ஒருவர் இரண்டு கடைகளிலும் விசிட்டிங் கார்டு கேட்டு வாங்கிவந்தார். குவளைகளில் படம் போட்டுத் தருகிற கடையின் அட்டையில் அதே சாம்பல் கோடு!

அது போதாது. ஒரே மாதிரி இயந்திரம் இரண்டு இருக்கலாம். அண்ணி சாட்சியை அந்தக் கடைக்கு அனுப்பினார். பதிவேட்டை எழுத ஆய்வாளரே வந்து உட்கார்ந்தார்.

"குவளையில போட வீட்டுப் படம் எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க."

"வேற என்னக்கா போடுறது?"

"ஒரு பூனை. யாரோட பூனையும் இல்லாத பூனை."

ஈரக்குடை தேன்கூட்டோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சாட்சி கடைக்குள் நுழைந்தார். சரியாகப் பன்னிரண்டு ஏழுக்குத் தேன்கூடு பாதி வாக்கியத்தில் நின்றான். "இரு, வர்றேன்." பன்னிரண்டு பதினெட்டுக்குத் திரும்பினான். சாட்சி கடையில் இருந்தது பன்னிரண்டு ஏழிலிருந்து பன்னிரண்டு பதினெட்டு வரை. கல்லாவுக்குப் பின்னால் மடிக்கணினி திறந்திருந்தது. ஆள் நாற்பது வயது, சிரித்த முகம். 'பூனை பேரு என்ன?' என்று கேட்டானாம்.

"என்ன சொன்னீங்க?"

"பதட்டத்துல பூட்டுன்னு சொல்லிட்டேன்கா."

வெள்ளிக்கிழமை. எல்லாம் அந்த மடிக்கணினியைப் பொறுத்திருந்தது. அது மூடப்பட்டால் கடவுச்சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. யார் யாருக்கு அனுப்பினான் என்ற பட்டியல் உள்ளேயே புதைந்துவிடும். அதனால் அவன் விரல்கள் விசைகளில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். கைது உத்தரவு கைக்கு வரவே இரண்டு மணியாகிவிட்டது. மிஞ்சியது ஐம்பது நிமிடம்.

"அவன் கிளம்பிட்டா பள்ளிக்கூட வாசல்ல பிடிச்சுக்கலாமே" என்றார் ஆய்வாளர்.

"லேப்டாப் மூடியிருக்கும் சார். குழந்தை பார்த்துக்கிட்டிருக்கும்."

இரண்டு முப்பத்தைந்துக்குச் சாட்சியும் இன்னொருவரும் பூனைக் குவளையை வாங்கக் கடைக்குப் போனார்கள். தேன்கூடு குவளையைத் தேடி உள்ளே போனான். கணினி திறந்திருந்தது, ஆனால் உள் அறையிலிருந்து கையை நீட்டினால் மூடிவிடலாம். காத்திருந்தார்கள். இரண்டு நாற்பத்து நான்குக்கு அவன் கணினிமுன் வந்து ஒரு வரி அடித்தான்.

"கிளம்புறேன். இனி பார்க்க மாட்டோம். நல்லாத் தூங்கு."

அவனைக் கிளம்பவிடக் கூடாது. விற்கச் சொல்லிக் கேட்கக் கூடாது, அது தூண்டுதல் ஆகிவிடும். அழுது நிறுத்தினால் சந்தேகம் வரும். அந்த ஆளை எது உட்காரவைக்கும்? பதினான்கு வரி திட்டு ஞாபகம் வந்தது. அண்ணியின் விரல்கள் பறந்தன.

"ஒரு சந்தேகம். பழைய பார்சல் கவரை எல்லாம் ஆபீஸ் குப்பைத் தொட்டியிலேயே போட்டேன். பரவால்லதானே?"

ஒரு நொடி. இரண்டு நொடி.

"டேய் முட்டாள்!! கவர்லயா? என் லேபிளோடயா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உன"

அங்கேயே நின்றது. அந்தக் கடைசி எழுத்து முடியவே இல்லை.

மேசைத் தொலைபேசி அடித்தது. சாட்சியின் குரல் மூச்சிரைத்தது. "கையைப் பிடிச்சாச்சுக்கா! திரை திறந்திருக்கு!"

அறையே எழுந்து நின்றது. ஆய்வாளர் தான் உட்கார்ந்திருந்த சாட்சியின் நாற்காலியைத் தூக்கிச் சுற்றினார்! கல்லாவுக்கு அடியில் அறுபத்து மூன்று பொட்டலங்கள். ஆனால் திறந்திருந்த பட்டியலில் அறுபத்தாறு பெயர்கள். மூன்று, அன்று காலையிலேயே தபால் பெட்டிக்குள் போயிருந்தன. பட்டியல் இல்லாவிட்டால் அந்த மூன்றைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. பெட்டிகளைத் திறக்கும் வண்டி நாலு மணிக்கு வரும். ஆளாளுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தொன்று.

"சார், மூணு பத்துக்கு அங்க ஒரு குழந்தை நிக்கும்."

கொண்டாட்டம் அடங்கியது. அதை யாரும் யோசித்திருக்கவில்லை. குழந்தையின் அம்மாவுக்கு அப்போதுதான் தகவல் போனது. ஊரின் மறுகோடியில் வேலை, வர ஒரு மணி நேரமாகும்.

அண்ணி போனார். பள்ளிக் காவலாளி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் குழந்தையை வெளிய விடமாட்டேன்மா, நீங்க உள்ள வந்து உட்காருங்க" என்றார். அண்ணிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்ததாம். அலுவலக அறைப் பெஞ்சில் ஏழு வயதுப் பெண், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?"

எட்டு மாதம் வேறு ஆளாக இருந்தவர், இந்தக் கேள்விக்கு எதையும் ஜோடிக்கவில்லை.

"நான் போலீஸ்ல வேலை பார்க்கிறேன்டா. உங்கம்மா வந்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் கூட இருக்கேன்."

"அப்பா லேட்டே ஆக மாட்டாரே."

"தெரியும்" என்றார் அண்ணி.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கைபேசி அதிர்ந்தது. சாட்சி அனுப்பியிருந்தார்: மூன்றும் கிடைத்துவிட்டன, அறுபத்தாறும் கையில். அண்ணிக்குத் துள்ளி எழ வேண்டும் போல, கத்த வேண்டும் போல, திங்கள்கிழமை வரை காத்திருக்காமல் அந்தப் பிளம்பரின் வீட்டைத் தேடி ஓட வேண்டும் போல இருந்தது.

"எங்கப்பாவா?" என்று எட்டிப் பார்த்தாள் சிறுமி.

"இல்லடா. ஆபீஸ்."

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வேலை செய்யும் இடத்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் ஓடிவந்தாள். அண்ணி எழுந்து, குழந்தைக்குக் காது கேட்காத தூரத்துக்கு, அவளை நோக்கி நடந்தார்.